குழாய் கட்டாத தெரு

பொண்டாட்டி நடுவீட்டில் பிணமாய்க் கிடக்க, நந்தகோபால் வாசலில் நின்ற வேப்பமரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஆள், இடுப்பில் இறுக்கிக் கட்டிய துண்டு, வாயில் கட்டிங் பிளேயர். துட்டி கேட்க வந்த சனம் மொத்தமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

“ஏலே கோபாலு, எறங்குலே. ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்று கீழேயிருந்து கத்தினார் சங்கிலிப்பாண்டி.

நந்தகோபால் பிளேயரை வாயிலிருந்து எடுத்தார். “கட்டுனவன் அவுக்க மாட்டேங்கான். அப்ப நான்தான அண்ணாச்சி அவுக்கணும்?”

சங்கிலிப்பாண்டி லேசுப்பட்ட ஆள் இல்லை. கோவில்பட்டி வட்டாரத்து ரேடியோ செட்காரர்களுக்கெல்லாம் பெரியவர். எந்த ஊர்க் கோவில் கொடைக்கு யார் செட், பெரிய கொடையென்றால் யாருக்கு யார் துணை செட் என்று அவர் வைத்ததுதான் சட்டம். அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. செட்காரன் வீட்டில் சாவு விழுந்தால் சுற்றுவட்டாரத்துச் செட் அத்தனையும் கூலி பேசாமல் வந்து இறங்கும். தெருவிலிருந்து சுடுகாடு வரைக்கும் மரத்துக்கு மரம், கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டுவார்கள். சாவுச் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் செத்தவருக்கும் மரியாதை இல்லை, தொழிலுக்கும் மரியாதை இல்லை. சங்கிலிப்பாண்டியின் அப்பா செத்தபோது ஒயர் இழுத்து இழுத்து உள்ளங்கை கிழிந்தவர் இதே நந்தகோபால்தான். இன்று காலையில் சேதி போன கையோடு கழுகுமலையிலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் வேன்கள் வந்து நின்றுவிட்டன. பையன்கள் கேட்காமலேயே மரம் ஏறிவிட்டார்கள்.

நந்தகோபால் குழாயைக் கயிற்றில் இறக்கிவிட்டு, தானும் இறங்கி வந்தார். முட்டி சிராய்த்திருந்தது.

“அண்ணாச்சி, நீங்க வந்தது பெருசு. உக்காருங்க, காப்பி குடிங்க. ஆனா இந்தத் தெருவுல இன்னைக்கி ஒரு குழாய் பேசக் கூடாது.”

“ஏன், நாங்க என்ன தப்பு பண்ணிட்டோம்?”

“ஒரு தப்பும் இல்ல. அவளுக்குச் சத்தம் ஆகாது.”

“செத்தவளுக்கு என்னலே சத்தம் ஆகும், ஆகாது?”

“அவ செத்துட்டான்னு எனக்கும் தெரியும் அண்ணாச்சி.”

குரல் பிசகிவிட்டது. உடனே செருமிச் சரிசெய்துகொண்டார். இப்போது அழுதால் ஆளாளுக்குத் தோளைத் தட்டிக்கொடுத்து, அவரை ஓரமாய் உட்கார வைத்துவிட்டுத் தங்கள் காரியத்தைப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

வீட்டுக்குள் போனார். முத்துசெல்வி அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரே மகள், அம்மாவோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தவள். கண் வீங்கிக் கிடந்தது.

“எப்பா, மாமா வந்தா மேளத்தோடதான் வருவாவ. விட மாட்டாவ.”

“வரட்டும்.”

“ஒங்களால முடியுமா? ரேடியோ ஓடாம ஒங்களுக்கே சோறு எறங்காதே.”

“இன்னைக்கி முடியும் தாயி” என்றார் நந்தகோபால்.

ஊருக்கு இது வேடிக்கையாகத் தெரிந்ததில் குற்றமில்லை. சத்தத்தை விற்றுச் சோறு தின்ற குடும்பம் அது. நந்தகோபால் செட் கட்டினால் கடம்பூரில் போளி தட்டுகிறவன் கை தாளத்துக்குத் தட்டும் என்று கேலி பேசுவார்கள். வீட்டுக்குள் பேசினாலும் மைதானத்துக் குரல். அவருக்கு வாய்த்தவள் கிருஷ்ணவேணி. அவளும் ஆரம்பத்தில் மற்றப் பெண்களைப் போலத்தான், முளைப்பாரி வந்தால் குரல் கட்டுகிற வரைக்கும் கும்மிப் பாட்டுப் பாடுகிறவள். அவளை மாற்றியது ஒரு கேசட்.

நந்தகோபால் மதுரையில் பழைய கேசட்டுகளை எடைக்கு வாங்கி வருவார். மூலையில் உடைத்திருக்கிற ஓட்டையில் தாளை ஒட்டிவிட்டால் எந்தக் கேசட்டிலும் பழையதை அழித்துப் புதிது பதியலாம். அப்படி வந்த மூட்டையில் ஒன்று. அதன் அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சமையற்கட்டு மாதிரியான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அழிக்கும் முன் என்ன இருக்கிறது என்று போட்டுப் பார்த்தார். ஒரு கித்தார். அதிலும் ஒரு கம்பி, விட்டு விட்டு. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல அவள் பாடினாள். இரண்டு வரி. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வரி.

“டேப்பு தேஞ்சு போச்சு” என்று அதை நிறுத்தப் போனார்.

“நிப்பாட்டாதீங்க” என்று கிருஷ்ணவேணி புளி கரைத்த கையோடு ஓடி வந்தாள். “அந்தப் பொம்பள மூச்சு விடுதா. ஒங்களுக்குக் கேக்கலையா?”

அவருக்குக் கேட்கவில்லை. குழாயடியிலேயே நின்று பழுத்த காது அது.

அது பிரெஞ்சுப் பாட்டு என்று சொன்னவர் காமநாயக்கன்பட்டி சர்ச்சில் அப்போது இருந்த சாமியார். புதுச்சேரியில் படித்தவர், அட்டையில் இருந்ததைப் படித்துச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பெரிய கம்பெனி என்று எதுவும் கிடையாதாம். தன் வீட்டிலேயே பாடி, தானே பதிந்து, தானே விற்கிறாளாம். ஒரு பாட்டுக்கு அர்த்தமும் சொன்னார்: மழை வரவில்லை, கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

“அவ்வளவுதானா சாமி?” என்றார் நந்தகோபால்.

“அவ்வளவுதான்.”

“போதுமே” என்றாள் கிருஷ்ணவேணி. கரிசக்காட்டில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் என்னத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது?

அன்றிலிருந்து அவள் பாட்டு இளைக்கத் தொடங்கியது. துவரையில் கல் பொறுக்குகிற மாதிரி வார்த்தையைப் பொறுக்கி எறிந்தாள். கும்மி போயிற்று, குலவை போயிற்று, சாமி பேர்கூடப் போயிற்று. மடியில் புடைக்கிற சொளகைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நடுவிரலால் ஒரே ஒரு தட்டு. பிறகு பாடுவாள்:

“வெயிலு வந்திருக்கு.
உக்காரச் சொன்னேன்.”

அப்புறம் பேசாமல் இருப்பாள். வாசல் வரைக்கும் போய், நிஜமாகவே யாரும் வந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் இருப்பாள். பிறகு மறுபடி ஒரு தட்டு.

“மிச்சம் எங்கட்டீ?” என்பார் நந்தகோபால்.

“அத ஒங்களுக்குன்னு விட்டு வச்சிருக்கேன்” என்று சிரிப்பாள்.

அவருக்குத்தான் ஏறவில்லையே ஒழிய, தீப்பெட்டி ஆபீஸ் பெண்களுக்கு அது தொற்றிக்கொண்டது. விடியற்காலையில் அவர்களை ஏற்றிப் போகிற வேனில் ஒருத்தி இரண்டு வரி பாடி நிறுத்துவாள். பின்னால் எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்று டிரைவர் திரும்பிப் பார்ப்பாராம். பார்த்தால் அத்தனை பேரும் முழித்துக்கொண்டு, ஜன்னல் வழியே காட்டைப் பார்த்தபடி அடுத்த வரிக்குக் காத்திருப்பார்களாம். வேணியக்கா பாட்டு என்றே பேர் வந்துவிட்டது. குளத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன ஒருத்தி அங்கே உப்பளத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர்கள் உப்பை வைத்துத் தங்களுக்கென்று ஒன்று கட்டிக்கொண்டார்கள். எங்கேயோ பிரான்சில் ஒருத்தி தன் வீட்டில் உட்கார்ந்து பாடியது இங்கே உப்பளம் வரைக்கும் வந்தது அவளுக்குத் தெரிந்திருக்கவா போகிறது?

ஒரே ஒரு தடவைதான் கிருஷ்ணவேணி மைக்கில் பாடினாள். ஊர் அம்மன் கொடையில் நந்தகோபாலே ஆசைப்பட்டு மேடையேற்றினார். அவள் இரண்டு வரி பாடினாள், நிறுத்தினாள். ஆம்ப்ளிஃபயரடியில் உட்கார்ந்திருந்த நந்தகோபாலுக்குக் குலை நடுங்கிவிட்டது. குழாய் ஊமையாய் இருக்கிற ஒவ்வொரு நொடியும் செட்காரனுக்கு மானக்கேடு. ஒயர் விட்டுப்போச்சா? யூனிட் போச்சா? கரண்டு போச்சா? யோசிப்பதற்கு முன்னால் கை போய் டேப்பைத் தட்டிவிட்டது. டிரம்ஸும் டிரம்பெட்டுமாய் ஒரு சினிமாப் பாட்டு கிளம்பி ஊரையே தூக்கிற்று. சனம் விசிலடித்தது. கிருஷ்ணவேணி சொளகை இடுக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள்.

வீட்டுக்கு நடக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். “அது கரண்டு போன எடம் இல்லங்க. அது என் பாட்டு.”

சண்டை போடவில்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. மைக்கை மட்டும் திரும்பத் தொடவில்லை. இந்த வருஷம் மஞ்சள்காமாலை முற்றிப்போய், இன்று விடியும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். என்னை இப்படித் தூக்குங்கள், அப்படித் தூக்குங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நந்தகோபால்தான் முடிவு கட்டினார். அவள் விட்டு வைத்த இடத்தில் இன்றைக்கு ஒரு பயலும் புகுந்து சத்தம் போடக் கூடாது. தானும் சேர்த்துத்தான்.

உச்சி வெயிலில் பெருமாள்சாமி வந்தார். கிருஷ்ணவேணியின் கூடப்பிறந்த அண்ணன். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தாம்பாளத்தில் ஏந்தி, முன்னால் மேளத்தை விட்டு, சொந்தக்காரர்கள் சூழத் தெருவுக்குள் நுழைந்தார். நந்தகோபால் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மேளத்துக்குக் குறுக்கே நின்றார். அடித்துக்கொண்டு வந்தவர்கள் திகைத்து நிறுத்தினார்கள்.

“என்ன மாப்ளே இது?”

“வாங்க மச்சான். தங்கச்சியப் பாருங்க. ஆசை தீர அழுங்க, அத நான் தடுக்கல. மேளம் மட்டும் வேண்டாம்.”

“எங்க வீட்டுப் பிள்ளைய ஊமைப் பொணமா அனுப்பவா நான் இம்புட்டுத் தூரம் வந்தேன்? கேக்க நாதியில்லாத பொணந்தான்யா மேளமில்லாமப் போவும்.”

“அவளுக்கு நாதி நான் இருக்கேன்.”

“அவ கேட்டாளா? மேளம் வேண்டாம்னு சாவும்போது அவ வாயால சொன்னாளா?”

இந்த இடத்தில் நந்தகோபால் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். ஆமா, சொன்னா என்று ஒரு சொல் விழுந்திருந்தால் விவகாரமே முடிந்திருக்கும். செத்தவள் பேச்சை யார் தட்டப் போகிறார்கள்? பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒரு வார்த்தைக்கு ஆயிரம் யோசனை பண்ணியவள் வாயில், அவள் சொல்லாத ஒன்றைத் திணிக்க மனுஷனுக்கு மனம் வரவில்லை.

“அவ கேக்கல. நான் சொல்லுதேன்.”

“அப்ப கோடி விழாது” என்றார் பெருமாள்சாமி.

பிறந்த வீட்டுக் கோடி விழாமல் அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணைத் தூக்கியதாகச் சரித்திரமே இல்லை.

“விழாட்டிப் போவுது. கட்டியிருக்க சேலையோட போவா. அவளுக்கு எதுவும் கூடுதலா இருந்தா பிடிக்காது.”

“ஏய்யா, வாய அடக்கு. பொம்பளைய எழவுகொடுத்தவன்னு பாக்கோம்” என்று ஊர்ப் பெரியவர் ஒருத்தர் அதட்டினார்.

சங்கிலிப்பாண்டி இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்து வந்தார். “கோபாலு, நீ இன்னைக்கி எங்க தொழிலையே கேவலப்படுத்திட்ட. நல்லாக் கேட்டுக்கோ. இனிமே ஒனக்குத் துணை செட் வராது. ஒன் குழாய ஒரு ஊர்லயும் கட்ட விட மாட்டேன்.”

“கட்டாட்டா ஆடு மேய்ப்பேன் அண்ணாச்சி. எங்கய்யா அதத்தான செஞ்சாரு? நாங்க ஒண்ணும் செத்துப் போயிரல.”

அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. சொளகில் ஒரு விரல் பட்டது, அவ்வளவுதான். வாசலை மறித்துக்கொண்டிருந்தவர்கள் விலக, உள்ளே தெரிந்தது. பாதி வேலையில் ஆபீசை விட்டு வந்த பெண்கள் பிணத்தைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முத்துசெல்வி, மடியில் கவிழ்த்த சொளகோடு. அழுது அழுது தொண்டை கரகரத்திருந்தது. அந்தத் தொண்டையாலேயே பாடினாள்:

“கருசக்காடு வெடிச்சிருக்கு.
கால் வைக்கணும்.”

நிறுத்திவிட்டாள்.

ஒப்பாரிக்கென்று வாயைத் திறந்த கிழவிகள் திறந்தபடியே இருந்தார்கள். மேளக்காரர்கள் குச்சியைத் தாழ்த்தினார்கள். சங்கிலிப்பாண்டிக்கு மட்டும் உடம்பு நிலைகொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற வேனில் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலமெல்லாம் சும்மா இருக்கிற இடத்தையெல்லாம் அடைத்தே பழகிய கை. அது அவரைக் கேட்காமலேயே சுவிட்சை நோக்கிப் போனது.

நந்தகோபால் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் வாட்ச் செயின் சதையில் பதிந்தது. சங்கிலிப்பாண்டி முறைத்தார். இவரும் முறைத்தார். விடவில்லை.

எங்கோ ஒரு ஆட்டுக்குட்டி தாயைத் தேடிக் கத்தியது. யாரோ ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சியது. பெருமாள்சாமியின் தாம்பாளத்தில் கோடிச் சேலைக்குப் பக்கத்தில் வைத்திருந்த தேங்காய் லேசாக விளிம்பில் இடித்தது. அதுகூட நந்தகோபாலுக்குக் கேட்டது. இவ்வளவும் கேட்கிற காதை வைத்துக்கொண்டா இவள் என்னோடு குடும்பம் நடத்தினாள் என்று நினைத்தார்.

“வைக்கேன்” என்றாள் முத்துசெல்வி. ஒரு தட்டு. பாட்டு முடிந்தது.

நந்தகோபால் கையை விட்டார். சங்கிலிப்பாண்டி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, “நான் சொன்னது சொன்னதுதான்லே” என்றார். பிறகு பையன்களைப் பார்த்து, “ஏலே, ஏத்துங்கலே எல்லாத்தையும். போவோம்” என்றார்.

“அண்ணாச்சி” என்று கூப்பிட்டார் நந்தகோபால். “கோவிச்சுக்கிடாதீங்க. வேன ரோடு வரைக்கும் தள்ளிட்டுப் போயி ஸ்டார்ட் பண்ணுங்க.”

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! சங்கிலிப்பாண்டியின் மீசை துடித்தது. ஆனால் பையன்கள் அதற்குள் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். அவர் பின்னாலேயே திட்டிக்கொண்டு போனார், அதையும் மெதுவாகத்தான் திட்டினார்.

பெருமாள்சாமி யாரையும் பார்க்காமல் உள்ளே போய்த் தங்கச்சிமேல் கோடியைப் போர்த்தினார். கால்மாட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் குலுங்கினார். வெளியே வந்தவர், “சங்காவது ஊதலாமா?” என்றார் முறைப்பாக.

நந்தகோபால் யோசித்தார். “ஒரு தடவ” என்றார்.

ஒரு தடவை ஊதினார்கள். பெண்கள் தெரு முனையோடு நின்றுகொள்ள, ஆண்கள் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கரிசல் தடத்தில் காலடிச் சத்தம் மட்டும் வந்தது. குழாய் அலறும் சாவென்றால் வழியோரத்து வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்தே யார் எவர் என்று பேசிக்கொள்வார்கள். இன்று ஒன்றும் புரியாமல் அத்தனை பேரும் எழுந்து வாசலுக்கு வந்து நின்றார்கள். மேளத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைசியில் வந்த ஒருவர், “அடிக்காம நடக்க காலு பின்னுதுய்யா” என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார்.

சுடுகாட்டில் நந்தகோபால் கொள்ளி வைத்தார். தீ பிடித்தது. கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்பதுதான் வழக்கம். ஒன்றிரண்டு பேர் அவரைத் தோளில் தொட்டுக் கூப்பிட்டார்கள். அவர் நகரவில்லை. அவர் நகராததால் யாரும் நகர முடியவில்லை. யாருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பெருமாள்சாமி ஒரு காலை மாற்றி நின்றார், மறு காலை மாற்றி நின்றார்.

“மாப்ளே.”

“ம்.”

“ஏதாவது பேசுங்க. இல்லன்னா வாங்க, போவோம். இப்படிச் சும்மா நிக்க முடியல. நெஞ்ச அடைக்குது.”

நந்தகோபால் தீயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இருங்க மச்சான். அவ இன்னும் முடிக்கல.”

பெருமாள்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். பின்னால் மேளக்காரர்கள் மேளத்தைத் தரையில் வைத்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, எல்லாரும் நின்றார்கள்.